கழுத்துக்கு மேலே வரையாதே

ஜூன் 12

அன்புள்ள மசி அக்காவுக்கு,

புழு எழுதுவது. நான் நலம், அம்மா நலம், அப்பா வழக்கம்போல வெளியூர். அம்மாவின் கடையில் ஜெராக்ஸ் மெஷினுக்கு மட்டும் இருமல் நிற்கவில்லை. நீ, பெரியம்மா, பெரியப்பா எல்லாரும் நலமா? புது வீட்டில் உனக்கென்று ஓர் அறை கிடைத்ததா, இல்லை பெரியப்பாவின் பாலத்து வரைபடங்களோடு பங்கு போட்டுக்கொள்கிறாயா?

நம் காமிக்ஸ் 'நத்தையும் குடையும்' எட்டாம் பக்கம் கசங்காமல் வந்து சேர்ந்தது. அம்மாவிடம் கொடுத்துக் காப்பி எடுத்து வகுப்பில் கொடுத்தேன். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி முன்கதை கேட்டாள். "ஒரு பெண்ணுக்கு வீட்டைவிட்டு வெளியே வரப் பயம். அதனால் அவள் நத்தை. ஒரு பையன் தினமும் குடையோடு வந்து அவள் வாசலில் நிற்பான். அவன் குடை. அவள் வெளியே வருவாளா என்பதுதான் கதை. எழுதுவது நான், வரைவது என் பெரியம்மா மகள்" என்றேன். நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன்.

"இந்தப் பெரியவங்களுக்கெல்லாம் ஏன் தலையே இல்ல?" என்றாள். "அது எங்கள் சட்டம். பெரியவர்கள் கழுத்து வரைக்கும்தான். அறிவுரை வாய் வழியாகத்தான் வருகிறது, வாயை வரையாவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது" என்று நீ சொன்னதையே சொன்னேன். சிரித்துவிட்டு, அவளும் ஒரு காப்பி வாங்கிக்கொண்டாள்.

ஒன்பதாம் பக்கத்துக்கான வசனங்களை வழக்கம்போல மெல்லிய தாளில் எழுதி, துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறேன். பலூனுக்குள் கோணாமல் ஒட்டு.

ஒரு சந்தேகம். எட்டாம் பக்கத்தில் குடையின் கழுத்து நீண்டிருக்கிறது. முன்பற்களுக்கு நடுவே இடுக்கு விழுந்திருக்கிறது. ஏழாம் பக்கம் வரை அப்படி இல்லை. யாரைப் பார்த்து வரைந்தாய்?

உன் பதிலுக்காகத் தபால் பெட்டியைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கும்,
புழு


ஜூன் 27

என் கொள்ளிக்கண் புழுவுக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். உனக்கும் சித்திக்கும் அன்பு. மெஷினுக்கு என் அனுதாபம்.

எதையும் உன்னிடம் மறைக்க முடியாது. அவனுக்கு இங்கே 'ஒட்டகம்' என்று பட்டப்பெயர். எனக்கு முன் பெஞ்சு. நான் சிரிக்கும்போதெல்லாம் அவன் திரும்பிப் பார்க்கிறானா, அவன் திரும்பும்போதெல்லாம் நான் சிரிக்கிறேனா என்று தெரியவில்லை. நம் காமிக்ஸை, பாதி வரைந்திருந்த ஒன்பதாம் பக்கம் உட்பட, காட்டினேன். முழுதும் படித்துவிட்டு, "இந்தக் குடை பய நல்லவன்ப்பா. எனக்கெல்லாம் இவ்ளோ பொறுமை கிடையாது" என்றான். தன்னைத்தான் வரைந்திருக்கிறேன் என்று தெரியவே இல்லை. ஒட்டகம்தானே.

அம்மாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்துவிட்டது. பார்க்கிறவர்களின் மூக்கையெல்லாம் அளக்கிறாள். அப்பா பாலத்திலேயே இருக்கிறார். எங்கள் வகுப்பு மூன்றாவது மாடி. ஏறும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. படிகள் அதிகம், வேறொன்றுமில்லை.

போனில் நீ 'ம்' போடுவதை நிறுத்தினால் நிறையப் பேசலாம். அதுவரை கடிதமே மேல்.

அன்புடன்,
மசி


ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். நீங்களும் நலமாக இருக்கவேண்டும்.

நெஞ்சு அடித்துக்கொள்வது படியாலா, முன் பெஞ்சாலா? எனக்கு ஒன்றுமில்லை, கதைக்காகத்தான் கேட்கிறேன். நத்தைக்கும் அப்படி ஒரு காட்சி தேவைப்படுகிறது.

முடியாத கதையை யாருக்கும் காட்டக் கூடாது என்று நாம் பேசிவைத்திருந்தோம். என் வகுப்பில் கொடுப்பது வேறு, அது முடிந்த பக்கம். நீ முடியாத பக்கத்தைக் காட்டியிருக்கிறாய். போகட்டும்.

ஒன்பதாம் பக்கம் பார்த்தேன். நத்தையின் அறையில் ஜன்னலைக் காணோம். அந்த ஜன்னலும், அதில் தெரியும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் நாம் சேர்ந்து யோசித்தவை. தொட்டிமேல் ஒரு காக்கை வேறு இருக்கும். இப்போது வெறும் சுவர். ஆனால் குடையின் தலைமுடியை ஒவ்வொரு இழையாக வரைந்திருக்கிறாய். ஜன்னலுக்கு நேரமில்லை, தலைமுடிக்கு நேரமிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பத்தாம் பக்கத் துண்டுகள் இத்துடன். காய்ந்த பசையை உபயோகிக்காதே.

இப்படிக்கு,
புழு

பின்குறிப்பு: இங்கே எனக்கு முன் பெஞ்சில் இருப்பவன் மூக்கை நோண்டுவான். நான் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.


ஜூலை 30

அன்புள்ள புழுவுக்கு,

நலம். நலமா?

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பத்தாம் பக்கம் இத்துடன் வைத்திருக்கிறேன். உன் துண்டுகளை ஒட்டினால் தாள் சுருங்குகிறது. ஒட்டகத்தின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது. அவனே பலூனுக்குள் நேராக எழுதிக் கொடுத்தான். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. உன் துண்டுகள் பத்திரமாக இருக்கின்றன.

கொஞ்சம் களைப்பாக இருக்கிறது. அடுத்த பக்கம் மெதுவாக வரட்டுமா?

மசி


ஆகஸ்ட் 4

அக்காவுக்கு,

நாங்கள் நலம். பெரியம்மா, பெரியப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

பத்தாம் பக்கத்தைப் பார்த்தேன். கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைக்குப் பொருத்தமாக இருக்கும். நத்தை பயத்தில் பேசுகிறவள் அக்கா. அவள் எழுத்து கொஞ்சம் நடுங்க வேண்டும். என் எழுத்து நடுங்கியதற்குக் காரணம் எனக்கு எழுத வராது என்பது அல்ல.

வகுப்பில் ஒருத்தி "எழுத்து இப்பத்தான் நல்லா இருக்கு" என்றாள். அவளுக்கு இனிமேல் காப்பி கிடையாது.

பதினோராம் பக்கத்தில் கதை திரும்புகிறது. குடை சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போய்விடுகிறான். நத்தை அழமாட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் வருகிறாள், பெயர் அணில். நிறையப் புத்தகம் படித்தவள், சின்ன வயதிலிருந்தே நத்தையை அறிந்தவள். யார் உண்மையில் தன்னோடு இருந்தது என்பது நத்தைக்கு அப்போதுதான் புரிகிறது. கடைசிக் கட்டத்தில் குடையின் குடை மட்டும் குப்பைத் தொட்டியில் கிடக்கவேண்டும். கம்பி உடைந்திருந்தால் நல்லது.

கதை எழுதுவது நான் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்ததுதான்.

இப்படிக்கு,
கதாசிரியை


செப்டம்பர் 9

புழு,

பதினோராம் பக்கம் இத்துடன் இருக்கிறது. முடிக்கவில்லை. அணிலை வரைய முடியவில்லை. உடம்பு கொஞ்சம் சரியில்லை. கொஞ்ச நாள் வரையமாட்டேன். கோபப்படாதே.

சித்திக்கு அன்பு.

மசி


செப்டம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தபின் வந்த உன் ஐந்து வரிக் கடிதம் கிடைத்தது. எல்லாரும் நலமா என்று நீ கேட்கவில்லை. நாங்கள் நலம்.

உடம்புக்கு என்ன? காய்ச்சலா? பார்க்க ஒட்டகம் வந்தானா? வந்து உட்கார்ந்து அழகான கையெழுத்தில் மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தானா?

நீ அனுப்பிய பக்கத்தில் ஆறு கட்டங்களிலும் நத்தையின் முதுகு மட்டும் இருக்கிறது. ஜன்னல் இல்லை, கதவும் இல்லை. குடை போனதற்கே இவ்வளவு துக்கமா? அணில் வந்து நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறேன். அவளுக்கு ஒரு கட்டத்தில்கூட இடமில்லை. அதையும் அம்மா காப்பி எடுத்தாள். எடுக்கும்போது வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மை சரியாக விழவில்லையோ என்னவோ. நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

உனக்குக் காமிக்ஸ் வேண்டாம் என்றால் நேராகச் சொல்லிவிடு. நான் வேறு ஆள் தேடிக்கொள்கிறேன். இங்கே எனக்கு ஆளில்லை என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் தேடுவேன்.

புழு


அக்டோபர் 6

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நாங்கள் இருக்கிறோம். நீ நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகப் படித்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை அவளே என்னிடம் நீட்டி, "நீயே எழுதும்மா, எனக்குக் கை வரல" என்றாள். அதனால்தான் நான்.

அவளுக்குக் காய்ச்சல் இல்லை. புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததிலிருந்தே மாடி ஏறும்போது நெஞ்சு அடித்து, கை விறைத்து, செத்துப்போய்விடுவோம் என்று தோன்றியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. ஆகஸ்டில் ஒருநாள் வகுப்பு நடக்கும்போதே மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப்பின் பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு அறையைவிட்டும் வரவில்லை. நானும் பெரியப்பாவும் திட்டினோம். சோம்பல், செல்லம் என்றெல்லாம் சொன்னோம். நாங்கள் சொன்னதை இப்போது நினைத்தால் நாக்கு கசக்கிறது.

உன் அம்மாதான் போன் செய்தாள். "அக்கா, பாப்பா வரையற படத்துல மூணு பக்கமா ஜன்னலே இல்ல, இப்ப கதவும் போச்சு. அவ ரூம்ல போய் உட்காரு. ஒண்ணும் கேக்காத. சும்மா உட்காரு" என்றாள். உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் அவளே பேசினாள்.

இப்போது மனநல மருத்துவரிடம் போகிறோம். மாத்திரை உண்டு, வாரா வாரம் பேச்சும் உண்டு. நான் கடைக்கு மதியத்துக்குமேல்தான் போகிறேன். காலையெல்லாம் அவள் அறையில். சும்மா இருந்தால் எனக்குக் கை பரபரக்கும் என்று நத்தையின் தலைமுடிக்குக் கறுப்பு அடிக்கும் வேலையைக் கொடுத்திருக்கிறாள். நேற்று கோட்டைத் தாண்டி அடித்துவிட்டேன். "ஏம்மா, ஊரான் மூக்க எல்லாம் அளக்கற, ஒரு கோட்டுக்குள்ள நிக்கத் தெரியாதா?" என்று சத்தம் போட்டாள். அவள் இப்படிச் சத்தம் போட்டுக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று பெரியப்பா சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உன் கதையால் எதுவும் ஆகவில்லை, அதை மனதில் போட்டுக்கொள்ளாதே. "குடை அப்படிப் போகமாட்டான்" என்று கோபம்தான் வந்தது அவளுக்கு. கோபம் வருவது நல்லது என்கிறார் மருத்துவர். அந்தப் பையன் பாடக் குறிப்புகளைக் கொண்டுவந்து வாசலில் கொடுக்கிறான். உள்ளே வா என்றால் கழுத்தை இன்னும் கொஞ்சம் வளைத்துக்கொண்டு ஓடிவிடுகிறான்.

நீ அவளுக்கு எழுது. எப்போதும் எழுதுவது போலவே எழுது.

ஆசிகளுடன்,
பெரியம்மா


அக்டோபர் 14

அன்புள்ள மசி அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? இந்தமுறை உண்மையாகவே கேட்கிறேன்.

எப்போதும் எழுதுவது போல எழுதச் சொல்லியிருக்கிறார் பெரியம்மா. எப்போதும் எழுதுவது போல என்றால் எனக்குப் பொறாமை என்று அர்த்தம். நான்கு தாள்களைக் கிழித்துவிட்டேன். அவற்றிலெல்லாம் நான் நல்ல பெண்ணாக இருந்தேன்.

ஜன்னல் இல்லாததை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். அம்மாவுக்கு முன்பே. உன்னிடமே எழுதினேன். ஆனால் அதை ஒட்டகத்தின் தலைமுடியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நத்தையைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறேன். பயந்தவள் எப்படி நிற்பாள், எப்படி மூச்சு விடுவாள் என்று நூலகத்தில் தேடித் தேடிப் படித்து எழுதினேன். நீ நெஞ்சு அடிக்கிறது என்று எழுதியதும் எனக்குக் காதல்தான் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். பெரியம்மாவின் கடிதத்தைப் படித்து அழுதேன். அழுது முடித்ததும் மறுபடி பொறாமை வந்தது. பெரியம்மா உனக்காக வேலையைப் பாதியாக்கிக்கொண்டு, உன் பக்கத்தில் உட்கார்ந்து கறுப்பு அடிக்கிறார். நான் நன்றாக இருப்பதால் என் பக்கத்தில் யாரும் உட்கார்வதில்லை. அப்பாவுக்கு வெளியூர். அம்மாவுக்கு மெஷின். உன் படத்தில் ஜன்னல் இல்லை என்று அம்மா போன் செய்திருக்கிறாள், ஆனால் நான் எழுதிய வசனங்களைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நோயில் படுத்திருப்பவளைப் பார்த்து இப்படி ஒருத்தி நினைப்பாளா? நினைத்தேன். கிழிக்காமல் அனுப்புகிறேன்.

குடையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டான். அணில் வேறு ஊருக்குப் போய்விட்டாள், யாரும் கவனிக்கவில்லை.

அவசரமில்லை. எப்போது வேண்டுமானாலும் வரை.

உன்,
புழு


நவம்பர் 3

அன்புள்ள புழுவுக்கு,

சுமாராக இருக்கிறேன். நேற்று கீழே தெரு வரைக்கும் போனேன், அம்மாவோடு. திரும்பும்போது முழங்கால் தந்தி அடித்தது. ஆனால் போனேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இந்த மூன்று மாதத்தில் என்னிடம் யாருமே கோபப்படவில்லை, பொறாமைப்படவில்லை. கண்ணாடிப் பாத்திரம் மாதிரி தூக்கித் தூக்கி வைக்கிறார்கள். நீ ஒருத்திதான் சண்டை போடுகிறாய். எனக்கும் உன்மேல் பொறாமைதான். உன் கால்கள் மாடிப்படியைப் பற்றி யோசிப்பதே இல்லை. நான் ஒவ்வொரு படியிலும் அனுமதி கேட்கிறேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நீ நினைப்பது போல இல்லை. பெருமூச்சு விடுவாள். மூக்கை உறிஞ்சுவாள். "போரடிக்குதாடி?" என்று தான் போரடித்துக்கொண்டு கேட்பாள். ஆனாலும் எழுந்து போகமாட்டாள்.

பன்னிரண்டாம் பக்கத்தில் நம் சட்டத்தை உடைத்துவிட்டேன். நத்தையின் அம்மாவுக்குத் தலை வரைந்திருக்கிறேன். பெருமூச்சுக்கு முகம் தேவைப்பட்டது. மன்னித்துக்கொள், உன்னைக் கேட்காமல் செய்தேன். மூலையில் பாதி ஜன்னலும் இருக்கிறது. காக்கை இன்னும் வரவில்லை.

குடை வாசலிலேயே நிற்கட்டும். உள்ளே வா என்று சொல்வதை நத்தை பார்த்துக்கொள்வாள்.

சித்தி காமிக்ஸைப் படிக்கிறாரா இல்லையா என்று என்னைக் கேட்டு என்ன பயன்? கடைக்குப் போய் அவரைக் கேள்.

மசி


நவம்பர் 12

அன்புள்ள மசி அக்காவுக்கு,

நாங்கள் நலம். தெருவரைக்கும் போன உன் முழங்காலும் நலமா?

நத்தையின் அம்மா முகத்தைப் பார்த்ததும், எதிர்பார்த்ததுபோலப் பொறாமை எரிந்தது. பெரியம்மா அப்படியே இருக்கிறார், தொங்கும் கண்ணாடிச் சங்கிலி உட்பட. பிறகு உன் சொல்படி கடைக்குப் போனேன். கூட்டம் குறைந்த நேரம் பார்த்துக் கேட்டேன்.

"அம்மா, எங்க காமிக்ஸ நீ படிக்கிறியா?"

"பின்ன, கண்ண மூடிட்டா காப்பி எடுக்கறேன்?"

"அப்ப ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"நீ கேக்கல. சொன்னா அறிவுரைன்னுவ." தாள்களைத் தட்டி அடுக்கினாள். "'கதவு திறந்துதான் இருக்கு, நான்தான் மூடியிருக்கேன்'னு அந்தப் பொண்ணு சொல்லுமே, அன்னிக்கு எனக்குன்னு ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிட்டேன்."

அது என் வரி அக்கா. ஐந்தாம் பக்கம். மெஷினுக்குக் கீழே உள்ள இழுப்பறையைத் திறந்து காட்டினாள். எல்லாப் பக்கமும் இருந்தன. பன்னிரண்டாம் பக்கத்தை மேலே வைத்துவிட்டு, "இப்பத்தான் தலை வந்திருக்கு" என்றாள்.

"என்னது?"

"முதப் பக்கம் கொண்டாந்தியே, அதுல அந்த அம்மாக்காரிக்குத் தலை இல்ல. நம்ம மெஷின் ஓரத்தக் கடிக்கும்ல, அதுதான் வெட்டிருச்சுன்னு நெனச்சேன். தாளக் கொஞ்சம் கீழ இறக்கி எடுத்தேன். வரல. இன்னும் இறக்குனேன். வரல. அப்புறம்தான் நீ கொடுத்ததையே எடுத்துப் பாத்தேன். அதுலயே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. பழையபடி வச்சுக் காப்பி எடுத்தேன். கேட்டதத்தானே எடுத்துக் கொடுக்கணும்."

ஒருவர் அடையாள அட்டையோடு வந்து நின்றார். அம்மா மூடியைத் திறந்து திரும்பிக்கொண்டாள். நான் வீட்டுக்குப் போகாமல், இரண்டாவது ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை. கை பரபரத்ததால் ஸ்டேப்ளர் அடித்தேன்.

பதின்மூன்றாம் பக்கத்தில் நத்தையின் வீட்டுக்கு அவளுடைய சித்தி வருகிறார். எங்கள் அம்மாவை நீ பார்த்து நாளாகிவிட்டதால் எழுதுகிறேன். மெஷின் வெளிச்சம் முகத்தில் கீழிருந்து மேலே போகும். அப்போது கண்ணைச் சுருக்குவாள். தாளை வைக்கும்போது கீழுதட்டைக் கடிப்பாள். மை விரலோடு மூக்கைச் சொறிவதால் மூக்கு நுனியில் எப்போதும் ஒரு கறுப்பு இருக்கும். சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும். எந்தக் கன்னம் என்று எழுத உட்கார்ந்தபோது எனக்குத் தெரியவில்லை. அவளைச் சிரிக்க வைக்க நிறையக் கஷ்டப்பட்டேன். என் நகைச்சுவைகள் எதுவும் எடுபடவில்லை. கடைசியில் ஸ்டேப்ளரில் என் சட்டைக் கையையே சேர்த்து அடித்துவிட்டேன். அப்போது பார்த்தேன். வலது கன்னம்.

ஓரத்தில் நிறைய இடம் விட்டு வரை. எங்கள் மெஷின் கடிக்கும்.

உன்,
புழு


நவம்பர் 28

அன்புள்ள புழுவுக்கு,

முழங்கால் நலம். இப்போது முதல் மாடி வரைக்கும் நானும் அம்மாவும் போய்வருகிறோம். பள்ளிக்கூடம் காலியாக இருக்கும் நேரத்தில்தான்.

பதின்மூன்றாம் பக்கம் அனுப்புகிறேன். சித்தியின் மூக்குக் கறுப்பை அம்மா அடித்தாள், கோட்டுக்குள்ளேயே. காக்கை வந்துவிட்டது.

பலூன்களைக் காலியாக விட்டிருக்கிறேன். ஒட்டகம் வந்து பார்த்துவிட்டு, நான் எழுதவா என்று கேட்டான். வேண்டாம், இது நடுங்கத் தெரிந்தவர்கள் எழுதவேண்டியது என்று சொல்லிவிட்டேன். உன் துண்டுகளை நீயே ஒட்டிக்கொள். தாள் சுருங்கினால் சுருங்கட்டும்.

கடைசிக் கட்டத்தில் சித்தி நத்தையின் கதவருகே நின்று ஏதோ சொல்கிறார். அதற்கு மட்டும் நீ வசனம் அனுப்பவில்லை. அந்த இடத்தில் சித்தி என்ன சொல்வார் என்று எனக்கும் தெரியவில்லை. பலூனைப் பெரிதாகவே போட்டிருக்கிறேன்.

கேட்டு எழுது.

மசி